இருநூற்றுப் பன்னிரண்டு

ஜுபைல், நாலாம் கேம்ப், அறை முப்பத்தொன்று.
பச்சை அட்டை கட்டியிருந்தால் சாரத்தில் ஏறலாம்,
சிவப்பென்றால் கூடாது.
பார்த்து எழுதிக் கட்டுவது என் வேலை.
அட்டைப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
தொகுதிக் கணக்கு.

நெடுங்கரைக்காடு.
ஆறில் தராசு, ஒன்பதாயிரம் வித்தியாசம்.
பதினொன்றில் கலங்கரை விளக்கம். அலை என்றார்கள்.
அலையைப் பற்றிப் பேச எங்களில்
கித்தேரியானுக்குத்தான் உரிமை,
படகை விற்று விசா வாங்கியவன்.
நடுவில் உறுப்பினர் செத்து ஓர் இடைத்தேர்தல்:
மந்திரிகள் வரிசையாக வந்து டீ ஆற்றினார்கள்,
உப்பாற்றுக்கு ஒரே மாதத்தில் பாலம் வந்தது,
பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
சாலை வரவில்லை.
பதினாறில் மறுபடி தராசு.
இருபத்தொன்றில் விளக்கு,
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.

ஊரில் இரவு இரண்டு மணி, இங்கே பதினொன்றரை.
மெஸ்ஸில் அத்தனை தலையும் ஒரே போன் மேல்.
நைனா முகமது சஹருக்கு எடுத்து வைத்த சோற்றை
யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது.
அவன்தான் விரல் விட்டு எண்ணிச் சொன்னான்:
இந்த கேம்பில் மட்டும் நம்ம தொகுதிக்காரன்
இருநூற்று நாற்பது பேர்.

யாரும் சிரிக்கவில்லை.

வெளிநாட்டில் இருப்பவனும் பெயர் பதியலாம்.
போடுவதற்கு மட்டும் நேரில் போக வேண்டும்.
டிக்கெட் ஆயிரத்து நானூறு ரியால்.
விரல் மையின் விலையை அன்று முதல் அறிவோம்.

பிறகுதான் சந்தனமாரி அதைச் சொன்னாள்.
வீட்டில் ஓட்டு நாலு, வந்த கவர் மூன்று.
"சவூதிக்காரருக்குக் கிடையாதுக்கா" என்று
என் பெயர் மேல் பென்சிலால் கோடு போட்டானாம்
தராசுக்காரப் பையன்.
சாயங்காலம் அவள் பூத்துக்குப் போனால்
என் பெயருக்கு நேரே டிக்.
"அண்ணன் காலைலயே வந்துட்டுப் போயாச்சே."

வந்துவிட்டுப் போயிருக்கிறேன்.
அந்தக் காலையில் நான்
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில், புழுதிக்காற்றில்,
கிளாம்ப் தளர்ந்த ஒரு சாரத்துக்குச்
சிவப்பு கட்டிக்கொண்டிருந்தேன்.

யாருக்குப் போட்டேன்?
ஐந்து வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன்.
தராசுக்கென்றால் தோற்றுவிட்டேன்.
விளக்குக்கென்றால் அந்தப் பாலத்தில்
இன்னும் யாரும் ஏறாததற்கு நானும் ஒரு காரணம்.
மாடக்கண்ணு பெயருக்கும் டிக் இருந்ததாம்.
கித்தேரியான் விசாரிக்கவே பயப்படுகிறான்:
அப்பா போய் எட்டு வருடம்,
பட்டியலில் இன்னும் இருக்கிறார்.

இந்த முறை மும்முனை.
தராசில் பழையவரின் மருமகன்.
விளக்கில் அதே ஆள், மீசைக்குப் புதுச் சாயம்.
தையல் மெஷினில் ரூபவதி,
தம்மாம் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் நர்ஸ்,
சம்பளப் பாக்கியோடு திரும்பியவள்.
கேம்ப் குழுவில் அவள் குரல் வந்தது, பின்னால் ஆட்டோ சத்தம்:
"டிக்கெட் போட்டுக் கொடுக்க எங்கிட்ட காசில்லண்ணே.
வீட்டுக்குச் சொல்லுங்க. ஏழு மணிக்கே பூத்துக்குப் போகட்டும்.
உங்க பேரை வாசிச்சா
அவர் இங்க இல்லன்னு சத்தமா சொல்லட்டும்."

எனக்கு ஓட்டு கேட்டு வந்தவர்கள் உண்டு.
நான் இல்லை என்பதைக் கேட்டவள் இவள்தான்.
அவளுக்கு டெபாசிட் தேறாது என்கிறான் நைனா.
தேறாமலும் போகலாம்.

ஏப்ரலில் ஷட்டவுன், லீவு கிடையாது.
நேற்று ஒரு சிவப்பு அட்டையில்
என் பெயர், பாகம் எண், வரிசை எண் எழுதினேன்.
கீழே கொட்டை எழுத்தில்: ஏறக்கூடாது.
போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சந்தனமாரி இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"இதை எங்கே கட்டணும்?"