ஒன்பதாவது எபிசோட்

ஒன்பதாவது எபிசோட், இருபத்தோராம் நிமிடம்.
ரூபி அடுப்பின் முன் நிற்கிறாள்.
ஏழு ஹபனேரோ, கருக வாட்டிய ஒரு கேரட்,
அழுகத் தொடங்கிய பீச் ஒன்று, வினிகர், உப்பு.
"இனிமேதான் இருக்கு விஷயம்" என்கிறாள்.
போன் அடிக்கிறது.
காட்சி மாறி ஒரு பிணம் வருகிறது.

இரண்டாம் சீசனோடு தொடரை நிறுத்திவிட்டார்கள்.
கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது.
சாஸில் என்னவென்று தெரியவில்லை.

இங்கே டுலூத்தில் மைனஸ் இருபத்தாறு.
துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
கப்பல் வராத மாதங்களில் எங்களுக்குச்
சங்கிலிகளுக்கு எண்ணெய் விடுவதுதான் வேலை.
மிளகுத்தூளையே துணிச்சல் என்று எண்ணும் ஊர்.
கடைக்காரி டாக்மார் ஹபனேரோவை
இடுக்கியால் எடுத்து எடைபோட்டாள்,
பாம்புக் குட்டியைத் தூக்குவதுபோல.

முதல் தடவை காப்பித்தூள் போட்டேன்.
அடுத்து மேப்பிள் பாகு.
மூன்றாவதில் பீர். புட்டிக்குள் அது பொங்கி
மூடியைத் தூக்கி அலமாரிக் கதவில் அடித்தது,
கறை இன்னும் போகவில்லை.
நான்காவதில் என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
அன்றுதான் கையுறையை மறந்து
கண்ணைத் தேய்த்துவிட்டு,
பால் பாத்திரத்தில் முகத்தை முக்கியபடி
ரூபியைத் திட்டினேன்.

ரூபி என்று யாரும் இல்லை. தெரியும்.
அந்தப் பானையில் கொதித்தது
சாயம் கலந்த தண்ணீராக இருக்கலாம்.
ஆனாலும் கரண்டியை நக்கிவிட்டு
அரை நொடி அவள் கண்ணை மூடுகிறாளே,
அதற்கு ஏதோ ஒரு ருசி இருந்தாக வேண்டும்.

மார்வின் லாக்ஸோ அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை.
வேலையிடத்தில், அவித்த முட்டையில் ஒரு சொட்டு விட்டு,
காது சிவக்க மென்று,
"காரமா இருக்கு" என்பான்.
நான்கு புட்டிக்கும் அதே இரண்டு சொல்.

ஐந்தாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை.
யோசனை தீர்ந்துபோய், எதுவும் போடாமல்
வெறுமனே கொதிக்க விட்டிருந்தேன்.
போன் அடித்தது. ஆர்னே.
அப்பாவின் படகை விற்றதிலிருந்து
இரண்டு குளிர்காலமாக வராத எண்.
பனி தள்ளும் மெஷினுக்கு பெல்ட் என்ன அளவு என்றான்.
முப்பத்தைந்தரை அங்குலம் என்றேன்.
அரையா, காலா என்றான்.
அரை.
அவன் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
புது நாயா?
ஆமாம், சோல்வி. போன மார்ச்சில் வந்தது.
அதற்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை,
இரண்டு பேரும் வைக்கவுமில்லை.

தீய்ந்த வாடை ஹாலுக்கு வந்த பிறகுதான்
அடுப்பு ஞாபகம் வந்தது.

அடிப்பிடித்த பானை. அலாரம் கத்துகிறது.
ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே பாய்ந்து
மிளகாய்ப் புகையோடு கட்டிப்புரண்டது.
இருமிக்கொண்டே கரண்டியை நக்கினேன்.
முதலில் பீச்.
பிறகு புகை.
பிறகு, நின்று நிதானமாக, உறைப்பு.
கண்ணை மூடியிருக்கிறேன் என்பது
திறக்கும்போதுதான் தெரிந்தது.

ரூபிக்கு அன்று போன் செய்தது யார்?
தொடரில் அதையும் சொல்லவில்லை.

திங்களன்று மார்வின் முட்டையைத் தின்றான்.
ஒன்றும் பேசவில்லை.
புட்டியை மூடித்
தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
ஹபனேரோ ஏழு, கேரட் ஒன்று, பீச் ஒன்று,
அதற்குக் கீழே பென்சிலில்:
போன், பன்னிரண்டு நிமிடம்.
கிளறக் கூடாது.