பின்னணி ஒலி

மூன்று மாதம், தொலைநிலைப் பயிற்சி.
ஆபீஸ் புதுச்சேரியில்.
நான் ஜெய்ஹிந்துபுரத்தில்,
மாடிப்படியில் ஏழாவது படி.
ஆறாவதில் நெட் இல்லை, எட்டாவதில் வெயில்.

"காலையிலேர்ந்து அந்த லேப்டாப்போடயே தொலையிற"
என்கிறாள் அம்மா.
சரியாகத்தான் சொல்கிறாள்,
ஆர்டரிலும் அந்த வார்த்தைதான் இருக்கிறது.

உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளை,
பேசியவர் சம்மதித்தவற்றை மட்டும்,
கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்.
பெயர் வந்தால் கட்டம். ஊர் வந்தால் கட்டம்.
மூன்று நொடிக்கு மேல் பேச்சில்லை என்றால்
அடைப்புக்குறிக்குள் மௌனம், எத்தனை நொடி.
விம்மல் வேறு, மூக்கை உறிஞ்சுவது வேறு;
சளி பிடித்தவரை அழவைத்துவிடாதே
என்றார் ரோகிணி மேடம் முதல் நாளில்.
அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஒரு மாதிரியா இருக்கு" என்றவருக்கு
"மனச்சோர்வாக உள்ளது" என்று போட்டேன்.
சிவப்பில் திரும்பி வந்தது:
ஒரு மாதிரி என்றால் ஒரு மாதிரிதான், தங்கமாரி.

கோப்பு நானூற்றுப் பதினேழு.
ஆண். நாற்பது இருக்கலாம். ஊர் சொல்லவில்லை.

"காலைல ஷட்டரைத் தூக்குறேன் மேடம்.
பாதி வரைக்கும் வருது.
அப்புறம் அதுக்கு மேல தூக்கணும்னு தோணல.
குனிஞ்சு உள்ள போறேன்.
குனிஞ்சுக்கிட்டேதான் யாவாரம் பாக்குறேன்."
(மௌனம், 9 நொடி)
"வீட்ல கேட்டா, ஷட்டரு துருப்புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்.
எண்ணெய் விட ஆள் கூட்டியாந்துட்டா."
(மௌனம், 14 நொடி)

அந்தப் பதினாலு நொடிக்குள்
தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி:
மிக்ஸி ரிப்பேர், குக்கர் ரிப்பேர்,
கேஸ் அடுப்பு, ஒரு இருமல், ரிப்பேர்.

திரும்ப ஓட்டினேன்.
கேஸ் அடுப்பு, இருமல், ரிப்பேர்.

எங்கள் தெருவுக்கு வரும் டிவிஎஸ் எக்செல்.
என்றைக்கோ ஒரே ஒரு தடவை இருமினார்,
பதிவாகிப் போச்சு.
மழையிலும் இருமும், சித்திரை வெயிலிலும் இருமும்.
அவர் வெற்றிலையை மென்றுகொண்டு
சும்மா வண்டி ஓட்டுவார்,
அவர் குரல் இருமிக்கொண்டு போகும்.

அப்படியானால் மிஞ்சிப்போனால் நாலு தெரு.

பால் வாங்கப் போனேன்.
வீட்டில் பால் இருந்தது.
மணி பதினொன்று, மார்க்கெட் பக்கம் முழுக்க
வெயிலுக்கு ஷட்டர்கள் பாதியில் நின்றன.
செருப்புக்கடை, பேன்சி ஸ்டோர், ஜெராக்ஸ்,
பூட்டுச்சாவி, இரண்டு மருந்துக்கடை.
எல்லோரும் குனிந்து போனார்கள், குனிந்து வந்தார்கள்.
போன வாரம் வரை
அது வெயிலுக்கென்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன பாப்பா வேணும்?" என்றார் ஒருவர்.
அந்தக் குரலைக் கேட்டேன்,
காதால் இல்லை, ஹெட்செட்டால் கேட்பதுபோல.
அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.
அவரில்லை. அவராகவும் இருக்கலாம்.
ஒரு ரீஃபில் வாங்கினேன்.

சாயங்காலம் மேடத்திடம் சொன்னேன்.
திட்டவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
"இனிமே பால் வாங்கப் போனா
பால் மட்டும் வாங்கிட்டு வா" என்றார்.
கொடுப்பதற்கு முன் ஒரு வரி மீதமிருந்தது.
(பின்னணி: தெரு வியாபாரி) என்று மட்டும் போட்டேன்.
இருமலை எழுதவில்லை.
இதுவரை நான் விட்ட ஒரே சத்தம்.

மறுநாள் பதினொன்றரைக்கு
எக்செல் தெருமுனையில் திரும்பியது.
மிக்ஸி ரிப்பேர் என்றது. குக்கர் ரிப்பேர் என்றது.
ஏழாவது படியில் விரல்களை
விசையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.
எங்கோ ஒரு பாதி ஷட்டருக்குப் பின்னால்
அவருக்கும் தெரிந்திருக்கும்
அடுத்தது என்னவென்று.

இருமியது.

"குக்கர் கைப்பிடி ஆடுதுடி,
அந்தாளைக் கூப்புடு!" என்றாள் அம்மா கீழேயிருந்து.
எட்டாவது படிக்கு ஏறி, வெயிலில் நின்று,
தெருவே கேட்கக் கத்தினேன்.
யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.