நான்கு மாலுக்கு வெளியே

காரைக்குடியிலிருந்து வந்த ஆணையர் குடை பிடித்து நிற்கிறார்.
நான் முக்காலியை விரிக்கிறேன்.
'அ' அட்டவணைச் சொத்து:
கொன்றைவயல் கிராமம், தெ.நா.வெ. விலாசம்,
நூற்பாலை, அதன் சங்கு,
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, ஆறு தெரு, ஓர் ஊருணி,
ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.
எண்பத்தேழு பங்காளிகளுக்கும் பிரிபடாத பாத்தியம்.
மெல்போர்னில் இருப்பவருக்கு
ஆஸ்பத்திரியில் ஒன்றேகால் ஜன்னல் வரும் என்று
மத்தியானச் சாப்பாட்டில் கணக்குப் போட்டுச் சிரித்தோம்.

ஊரை வரைந்தவர் எசேக்கியேல் நல்லதம்பி.
நாகர்கோவில்காரர், ரங்கூனில் படித்தவர்.
அவர் போட்ட வரைபடத்தை
பாலை அலுவலகத்தில் ஆடும் தராசுக்கு
அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
பிரித்துப் பார்த்தேன். நல்ல கை.
வானம் பார்த்த பூமி என்று
ஆறு தெருவுக்கும் நூற்றுக்கு ஒன்று சாய்வு.
ஓட்டில் விழுவது முற்றத்துக்கு,
முற்றத்தில் நிறைவது வாய்க்காலுக்கு,
வாய்க்கால் ஊருணிக்கு.
நேற்று ராத்திரி பெய்ததன் பின்னாலேயே நடந்து போனேன்.
பிளாஸ்டிக் கப் ஒன்று முன்னால் மிதந்தது.
தொண்ணூறு வருஷம் கழித்தும் தண்ணீர்
அவர் பேச்சைத் தட்டவில்லை.

முதலாளி வீடுகள் கிழக்கே,
ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் முடிபவை.
பாலையாட்கள் வீடு மேற்கே:
அதே சுண்ணாம்பு, அதே சாய்வு, முப்பதில் ஒரு பங்கு.
பின்சுவரில் ஒரு ஜன்னல் வேண்டுமென்று இவர் கேட்டதும்
"ஜன்னல் வழியா நூல் போகும்" என்று அவர் மறுத்ததும்
கடிதக் கோப்பில் இருக்கிறது.
ஜன்னல் வைக்கவில்லை.
சுவருக்கு நாற்பது துளை வைத்தார்.
கை நுழையாது. காற்று நுழையும்.

மூன்றாம் தெருவில்தான் சிக்கல்.
கயிறு பிடித்தது போல வந்த தெரு
பாதியில் தோளைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு போகிறது.
நாலரை பாகை.
கருவியில் கண் வைத்தால் மறுமுனை தெரியவில்லை.
வரைபட ஓரத்தில் அவர் எழுத்து: 'காற்றின் பொருட்டு.'
எந்தக் காற்று?
இங்கே ஆடியில் மட்டும் வரும்,
அதுவும் தெருவைக் கேட்டு வராது.

களப் புத்தகத்தில் வேறு இருக்கிறது,
பென்சிலில், அவசரமாக:
'இருளாயி. ஏழு சென்ட். நம் சுவருக்குச் சுண்ணாம்பு அரைப்பவள்.
மூன்றாம் தடவை ஆள் போயிற்று. பவுன் வைத்தார்கள்.
என் ஆடு எங்கே படுக்கும் என்கிறாள்.
முதலாளி காதுக்குப் போனால் ராத்திரியோடு காலி.'
அடுத்த பக்கம் முழுக்கக் கோணக் கணக்கு.
மூன்று தடவை அடித்திருக்கிறார்.

வீரம் என்று சொல்லமாட்டேன்.
அவரும் அந்தச் சம்பளத்தில் சோறு தின்றவர்.
வாயைத் திறக்கவில்லை, ஒரு கோட்டை வளைத்தார்.
சுண்ணாம்பில் வெந்த அவள் விரல்களுக்குப்
புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

வளைவில் இப்போது பிராய்லர் கடை.
மலைக்கண்ணு, அவளுடைய பேரன் மகன்,
கையில் ஒட்டிய இறகை உதறிக்கொண்டே வந்தார்.
"எங்க இடத்தையும் அளப்பீங்களா?"
ஆணையர் அ, ஆ, இ மூன்றையும் புரட்டினார்.
கிழக்கு மால், மேற்கு மால், வடக்கு, தெற்கு.
"இருளாயி வகையறா நிலத்துக்குக் கிழக்கு,
இருளாயி வகையறா நிலத்துக்குத் தெற்கு..."
எல்லை சொல்ல மட்டும் அந்தப் பெயர்.
"உங்களுது வழக்கிலேயே இல்லையேப்பா."
அவருக்கு அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.
எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் தெருவின் இரண்டு முனையும்
சேர்ந்து தெரியும் புள்ளி ஒன்றுதான்.
அது கோழிக்கூண்டுக்கு ஒட்டினாற்போல விழுகிறது.
முக்காலியில் ஒரு காலை மட்டும்
உங்கள் மண்ணில் ஊன்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

யோசித்தார்.
"எவ்வளவு நேரம்?" என்றார்.