எழுத்துக்கு நாலு ரூபாய்

மன்னார்குடி மேலராஜவீதியில் என் கடை.
கபடிக்கு, கந்தூரிக்கு, கூட்டுறவு சங்கத்துக்கு,
முதல் மார்க்குக்கு, பணி ஓய்வுக்கு
பித்தளையில் பெயர் வெட்டித் தருகிறேன்
இருபத்தாறு வருடமாக.
வாங்கிப் போனதை யாரும்
திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

விழா முடிந்த மறுநாள்
மஞ்சப்பையில் கேடயத்தோடு வந்து நின்றார்
பாமணி ஆற்றங்கரை முதியோர் இல்லத்தின்
தலைமைச் செவிலியர் லூர்துமேரி.
'சிறந்த தலைமைக்கு' என்று நான்தான் வெட்டியிருந்தேன்.
எழுத்துப் பிழையோ?
வயிற்றைக் கலக்கியது.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?
பதினொரு பேர் வேணும்."

நீட்டியது மருந்துப் பெட்டியைக் கிழித்த அட்டை.
செங்கமலம், ராத்திரி ஷிப்ட்.
ஜெய்புனிசா, சமையல்.
வைரக்கண்ணு, துணி வெளுப்பு.
ஆட்டோ அமிர்தகடேசன்.
இன்னும் ஏழு.
இடம் பத்தாது என்றேன்.
"எழுத்தைச் சின்னதாக்குங்க.
கண்ணாடி போட்டுப் படிச்சிக்கிறோம்."

பேப்பரில் போட்டிருந்தார்கள் அந்தப் புயலை.
கரண்ட் போய், ஆறு ஏறி,
முப்பத்தொரு பேரையும்
மாடிக்குத் தூக்கிய ராத்திரி.
அதைச் சொல்லிப் பாராட்ட வாயெடுத்தேன்.

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா?
நீடாமங்கலம் கேட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்குள்ள.
முன்னால ஒரு புளியமரம் விழுந்து கெடக்கு,
பின்னால ஒரு புளியமரம்.
போன்ல சார்ஜ் இல்ல.
விடிஞ்சு, நடந்து வந்து பாக்குறேன்,
மாடியில வரிசையா படுக்கை.
ஒவ்வொருத்தர் தலமாட்டுலயும்
அவங்கவங்க மாத்திரை, பல்செட்டு, செருப்பு.
ஒண்ணுகூட மாறல.
கீழ முழங்கால் தண்ணி.
மேல இட்லி வெந்துகிட்டு இருக்கு."

சொல்லும்போதே போன் அடித்தது.
"எந்தப் பக்கம் திருப்பணும்னு
செங்கமலத்தைக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்."
வைத்தார். மறுபடி.
"கஞ்சி வேணாங்கிறாரா?
ஜெய்புனிசாவப் போய் பக்கத்துல உக்காரச் சொல்லு."
மூன்றாவது தடவை யாரிடம் என்று தெரியவில்லை.
"நீயே பாத்துக்க. சரியாத்தான் செய்வ."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கேடயத்தை முன்பக்கம் திருப்பினேன்.
இல்லை, எழுத்துப் பிழை ஏதுமில்லை.

"இனிஷியல்?"
"வைரக்கண்ணுவுக்கு மட்டும் போட்டுடுங்க.
கோவிச்சுக்குவாரு."
அறுபத்தொரு எழுத்து.
இருநூற்று நாற்பத்து நாலு.
புள்ளிக்குக் காசில்லை என்று சிரித்தேன்.
பையில் இருநூறுதான் இருந்தது.

ஆடியில், பாக்கி வாங்கும் சாக்கில் போனேன்.
ஆபீஸ் அலமாரியில் இல்லை,
வரவேற்பு மேஜையில் இல்லை கேடயம்.
படுக்கை அறைக் கதவுக்கு முட்டாக
தரையில் நிற்கிறது.
அடிக்கட்டை நல்ல கனம்.
காற்று வந்து வந்து தள்ளிப் பார்த்தும்
கதவு அடித்துக்கொள்ளவில்லை.
பெயர்கள் உள்ள பக்கம் உள்நோக்கி.

பன்னிரண்டாம் படுக்கையில்
ஒரு பழைய பஸ் கண்டக்டர்.
தினம் காலையில் பெயர்களை எண்ணி,
வந்திருப்பவர்களை எண்ணி,
இன்றைக்கு யார் லீவு என்று கண்டுபிடித்துவிடுவாராம்.

"பேரு வெட்டுறவன் நீதானா?" என்றார்.
"இப்ப புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு,
வலிக்காம ஊசி போடுது.
டிக்கெட் இல்லாம நிக்கிது பாரு."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
கட்டைவிரலை வைத்து அளந்தேன்.
வைரக்கண்ணுவுக்குக் கீழே
நெருக்கிப் போட்டால்
இன்னும் ஒரு வரி போகும்.