அடிக்குரல்

முப்பத்தொன்றாவது நிலவறை.
வழுக்கும் படிகள், பதினான்கு.
ஆன்டெனாவைக் குடையோடு சேர்த்துப் பிடித்து இறங்குகிறேன்.
வூப்பர்டாலின் மழை தெருவோடு நின்றுவிடுகிறது,
கைப்பேசியின் கோடுகளும் அங்கேயே.

கீழே மின்மானி மட்டும் விழித்திருக்கிறது.
காற்றிறங்கிய சைக்கிள், உருளைக்கிழங்கு மூட்டை,
விவாகரத்தில் இருவருமே கேட்காத ஒரு சோபா.
எழுபது சென்டிமீட்டர் கல்சுவர்.

இரண்டாயிரத்து அறுநூறில் பேசிப் பார்த்தேன்:
ஆயிரம் சொல்லும், அவசரமாகச் சொல்லும்,
சுவரைக் கண்டதும் வாயடைத்துப்போகும்.
எண்ணூற்று அறுபத்தெட்டு ஒரு சந்தை.
கராஜ் கதவும் பக்கத்து வீட்டு மழைமானியும்
உரிமம் கேட்பாரில்லாமல் கூவிக்கொண்டிருந்தன.
நானூற்று ஐம்பதில்
மெதுவாக, தணிந்து, ஒரே ஓர் எண்ணை விட்டேன்.
குன்றுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம்
ம் என்றது.

இதை எனக்கு இயற்பியல் சொல்லித் தரவில்லை.
என் படுக்கையறைச் சுவருக்கு அப்பால்
சண்டை போடும் இருவரில்
அவன் குரல் மட்டும்தான் வந்து சேரும்.
இரண்டு வருடமாக ஒருபக்கக் கதை.
அவள் சொன்னதெல்லாம் சுண்ணாம்பில் தங்கிவிட்டது.

படியின் உச்சியில் நின்று
வீட்டுக்காரர் ஓட்ஃப்ரீட் ப்ரோஷ் கேட்கிறார்:
"வெளியே கேட்கிறதா?"
கேட்கிறது என்றேன், சந்தோஷமாக.
அவருக்குச் சந்தோஷமில்லை.
"இந்தச் சுவரை நம்பிக்கொண்டிருந்தேன்."
கால் மணிக்கு ஓர் எண் மட்டும்தான், ஐயா.
ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு.
"என் மனைவிகூட என்னை
அத்தனை முறை விசாரித்ததில்லை" என்றார்.
பிறகு, காபி குடிக்கிறாயா என்றும்.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஃபோல்க்மார்
காற்றுக்கா வாடகை என்கிறார்.
காற்றுக்கு இல்லை, அதன் அமைதிக்கு என்கிறேன்.
வேறு யாரும் பேசாத ஓர் ஓரம்,
மின்சாரம் போன இரவிலும்
ஊர் தன்னிலை சொல்ல ஒரு தொண்டை.
கொஞ்சம் மிகை என்று எனக்கே பட்டது.
அட்டவணையைத் திறந்தேன்:
நாற்பது நிலவறைகள், முப்பத்தேழு பதில்கள்.
மற்ற மூன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
ஒன்றில் முட்டளவு தண்ணீர்.
ஒன்றில் நாய்.
மூன்றாவதில் சுவர், வெறும் சுவர்,
எந்த எண்ணையும் வெளியே விடவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய்
அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.
அறிக்கையில் அது இல்லை.

நானூற்று ஐம்பது என்று
பரிந்துரையை எழுதி முடிக்கையில்
இரவு இரண்டே முக்கால்.
கெட்டிலைப் போட்டேன்.
என் கட்டடத்தின் அடியில் மின்மானி
ஓர் எண்ணை விழுங்கிக்கொண்டது.
இன்னும் ஒரு வருடத்துக்கு விழுங்கும்,
அப்புறம் குன்றிடம் சொல்லும்:
இவள் தூங்கவில்லை.

சுவருக்கு அப்பால் இன்று
அவன் குரலும் இல்லை.
தேநீரோடு போய்க் காதை வைத்தேன்.
ஒன்றுமே கேட்கவில்லை.
அவள் பேசிக்கொண்டிருக்கலாம்.