காரணம்: காற்று

கிம்லியில் ஏரி உறைந்த பிறகு
கரையோர வீடுகளுக்கு ஜன்னல் மாற்றுவது எங்கள் வேலை.
மாக்னுஸ் ஏணி பிடிப்பான், நான் அளவெடுப்பேன்.
படிவமும் என் தலையில்தான்,
அவன் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஓர் அகராதி கிடக்கிறது.
பழைய சாமான் கடையில் இரண்டு டாலர்.
அட்டை போய்விட்டது, ஏ எழுத்தில் பாதி போய்விட்டது,
அதனால் ஆப்பிளுக்கு வேர் எனக்குத் தெரியாது.
மற்றதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்,
தயிர்சாதத்துக்கு ஒரு கை, பக்கம் புரட்ட ஒரு கை.

நேற்று விண்டோ பார்த்தேன்.
தினம் தோளில் தூக்குகிற சாமான்,
ஆறு வருஷமாக அர்த்தம் கேட்கவில்லை.
வடகடல் ஓடிகள் இங்கிலாந்தில் விட்டுப்போன சொல்லாம்:
காற்றின் கண்.
கூரையில் ஒரு ஓட்டை,
புகை வெளியே போக, காற்று உள்ளே எட்டிப் பார்க்க.

"உன் முன்னோர் சொல்" என்றேன்.
மாக்னுஸ் சாண்ட்விச்சைக் கடிப்பதை நிறுத்தினான்.
"ஐஸ்லாந்துப் பேச்சில் அது க்ளுக்கி அல்லவா?"
கொடுத்தவன் மறந்துவிட்டான்,
வாங்கியவன் வைத்திருக்கிறான்.

சிரிக்க வாய் திறந்து மூடிக்கொண்டேன்.
காலதர் என்று ஒன்று நம்மிடம் இருந்தது.
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
பலகணி என்று இன்னொன்று, பல கண்.
அவர்கள் ஒரே சொல்லில் அடைத்ததை
நாம் இரண்டாகச் செய்து
இரண்டையும் பரணில் போட்டுவிட்டு
கப்பலில் வந்த போர்ச்சுக்கீசியனிடம்
ஜன்னல் வாங்கினோம்.
அதன் வேரில் காற்றும் இல்லை, கண்ணும் இல்லை,
ஒரு சின்னக் கதவு.
யாழ்ப்பாணத்தார் அதையும் இழைத்து யன்னலாக்கிக்கொண்டார்கள்.

மாக்னுஸிடம் இதைச் சொல்லவில்லை.
அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

திமித்ரோவின் வீடு. ஏரி பார்த்த சமையலறை.
ஜன்னலில் அட்டையும் டேப்பும்.
"காற்று" என்றார், நாங்கள் கேட்கும் முன்பே.
"ராத்திரி எண்பது கிலோமீட்டர்."
அடித்ததுதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் கண்ணாடி முழுக்க வெளியே, பனியில்.
அடுப்படித் தரையில் ஒரு சில்லு இல்லை.
பொறுக்கக் குனிந்தேன்.
நீலக் கோப்பையின் கைப்பிடி ஒன்று
காது மாதிரி பனியில் செருகி நின்றது.

மேஜையில் வங்கியின் உறை, பிரித்தபடி.
மார்ட்கேஜ் என்பது தலைகீழாகத் தெரிந்தது.
அதை மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன்.
செத்த அடகு.
கடன் தீர்ந்தால் அடகு சாகும்,
தீராவிட்டால் பட்டவனுக்கு வீடு சாகும்.
விருதுநகரில் அடகு சாவதில்லை. மூழ்கும்.
என் வளையல் இரண்டு அப்படி மூழ்கியிருக்கிறது,
குடிக்கவே தண்ணீர் வராத ஒரு கோடையில்.

திமித்ரோ கெட்டில் வைத்தார்.
மூன்று நீலக் கோப்பை எடுத்தார்.
நாலாவது கொக்கி வெறுமனே இருந்தது.
பேச்சில்லாமல் குடித்தோம்.

புதுப் பலகம் பொருத்தியாயிற்று.
படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்,
காப்பீட்டுக்காரன் அதை மட்டும்தான் படிப்பான்.
மாக்னுஸ் புட்டியைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
சில்லு எந்தப் பக்கம் விழுந்தது என்று
அவனும் பார்த்தவன்தான்.

பேனா உறைந்துவிட்டிருந்தது.
உதட்டருகே வைத்து இரண்டு தரம் ஊதினேன்.
பிறகு எழுதியது:
காற்று.

வேன் கிளம்பியதும் மாக்னுஸ் கேட்டான்,
அந்தக் கட்டத்துச் சொல், காரணம்,
அது எங்கிருந்து வந்ததாம்?
சி எழுத்து. அந்தப் பக்கம் கிழியவில்லை.
கோட்டுப் பையில் கைப்பிடி குளிர்ந்து கிடந்தது.
அப்புறம் பார்க்கலாம் என்றேன்.