மறுபக்கம்

பாலத்துக்கு இந்தப் பக்கம் என் சைக்கிள்,
அந்தப் பக்கம் காவலர் வண்டி.
நடுவில் கொடிக்கயிறு கட்டி
முப்பத்தொரு பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டேன்.
பைக்கு ஒரு வாரத்துப் பாடம்,
கிளிப்புக்கு ஒரு பெயர், பென்சிலில்.

ஏப்ரல். ஹோர்னாத் ஆறு கலங்கி ஓடியது.
ரோமா குடியிருப்பு முழுக்க ஒரே குழாய்.
"கைகளை அடிக்கடி கழுவவும்" என்று
முதல் தாளிலேயே படம் போட்டிருந்தோம்,
நுரை வழியச் சிரிக்கும் இரண்டு கைகள்.

ஊர்ப்பிள்ளைகளுக்குத் திரையில் வகுப்பு.
பூனை குறுக்கே நடக்கும்,
யாரோ ஒரு அம்மா சூப் கொண்டுவந்து வைப்பாள்.
துலேய் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு போன்.
அதுவும் தெஜிதேரின் சட்டைப்பையில்,
செங்கல் இறக்க யாராவது கூப்பிடுவார்களா என்று.

வெள்ளிக்கிழமை பைகள் திரும்பும்.
சிலவற்றில் தாளே இருக்காது.
நான் கேட்கவில்லை. அந்த வாரம் உறைபனி.

வந்தவற்றை நாங்கள் உடனே தொடமாட்டோம்.
உடற்பயிற்சிக்கூடத்து ஜன்னலோரம்
மூன்று நாள் கிடக்க வேண்டும். விதிமுறை.
மருந்துக்கடைக்காரர் மகனின் நோட்டு வந்தபோது
தலைமையாசிரியை கையில் வாங்கி
அங்கேயே நின்று புரட்டினார்.
இதற்கு ஒரு பழைய சொல் உண்டு.
நான் சொல்லவில்லை.

சிதோனியாவின் தாளில் புகைவாசம்.
கேள்வி: உன் அறையை வரை.
ஒரு கட்டில், கட்டிலில் நான்கு தலைகள்,
அடுப்பு, அடுப்போரம் தொட்டில்,
கட்டத்துக்குள் இடம் போதாமல்
தாளைத் திருப்பி
மிச்சப்பேரை மறுபக்கம் வரைந்திருந்தாள்.
கோப்புக்கு முன்பக்கம் மட்டும் நகலெடுத்தோம்.

ஜூனில் எல்லோரும் தேர்ச்சி.
மதிப்பெண் இருந்த இடத்தில் ஒரு சொல்:
பங்கேற்றாள்.

செப்டம்பரில் ஒருவர் வந்தார், பெட்டி நிறையப் பட அட்டைகளோடு.
ஒரு தம்ளரைக் காட்டி, இது உள்ளே என்ன என்றார்.
"பானி" என்றாள் அவள், சட்டென்று,
ஆறு மாதமாய் அவள் காதில் விழுந்த ஒரே மொழியில்.
அவர் காத்திருந்தார்.
அவர் படிவத்தில் "வோடா"வுக்கு மட்டும்தான் கட்டம்.
அவள் என்னைப் பார்த்தாள்.
முகக்கவசத்துக்குள் என் வாய்
அது தண்ணீர்தான் என்று தெரிந்து
மூடியிருந்தது.

முற்றத்துக்கு அப்பால் சிறிய கட்டிடம்.
இப்போது அவளுக்கு அங்கே வகுப்பு.
போன வருடம் முடித்த புத்தகத்தையே
மெதுவாக, மறுபடியும்.

துணி காயப்போடுகிறேன்.
ஈரச்சட்டையின் தோளில் கிளிப்பை அழுத்தும்போது
பென்சில் எழுத்து,
மங்கி,
சிதோ வரை மட்டும்.